பதினாறு ஜிபி இருந்தும் பற்றவில்லை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். அதன் சர்வர் 4 ஜிபி ரேமோடு இருந்த காலத்தில் மெதுவாக ஓடினாலும் விழாமல் ஓடியது. மெதுவாக இருக்கிறதே என்று ரேமை 16 ஜிபி ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் விழ ஆரம்பித்தது. 2008 வாக்கில் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய முதலாளி, நான் உட்காரும் முன்பே கேட்டார்: "ஏனுங்க தம்பி, காசு போட்டு ரேம் வாங்குனோம். வாங்குன பொறவுதான் ராத்திரியானா படுத்துக்குது. இதென்ன நியாயமுங்க?"

சரியான கேள்வி. லினக்ஸ் சர்வர் பராமரிப்பில் அந்த வருடங்களில் இருந்தவர்களில் பலர் இதை எங்கேயாவது சந்தித்திருப்பார்கள். ரேம் விலை இறங்கிவிட்டது. 8 ஜிபி, 16 ஜிபி போடுவது சாதாரணமாகிவிட்டது. அதன் மேல் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் 32-பிட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் இந்த சர்வர்கள் விழுந்தன.

அந்த மெஷினுக்கு வேலை அதிகம். ஆர்டர், கட்டிங், ஜாப் ஒர்க், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் ஒரே மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில். டிசைன் படங்களும் பையர் அனுப்பும் ஆர்ட்ஒர்க்கும் சாம்பா வழியாக அதே மெஷினில் பல லட்சம் கோப்புகளாகச் சேர்ந்திருந்தன. நள்ளிரவில் ஆர்சிங்க் ஓடி அத்தனை கோப்பையும் பக்கத்து அறையில் இருந்த பேக்கப் மெஷினோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் நகலெடுக்கும். காலையில் வந்து பார்த்தால் சர்வர் உயிரோடு இருக்கும், பிங் போட்டால் பதில் வரும். டேட்டாபேஸ் மட்டும் செத்திருக்கும். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப நிற்கும்போது இன்வாய்ஸ் எடுக்க முடியாது. கணக்குப் பிரிவில் இருந்த அக்காதான் தினமும் முதலில் திட்டு வாங்குவார்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ரேம் விற்றவர் மாட்யூல்களை மாற்றிக் கொடுத்திருந்தார். மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஒரு பிழை இல்லை. யூபிஎஸ்ஸையும் மாற்றியாகிவிட்டது. காரணம் சிஸ்டம் லாகில் எழுதியே கிடந்தது.

லாகில் எல்லோர் கண்ணிலும் படுவது ஒரே வரிதான்: 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு புராசஸ்' என்று ஆரம்பித்து, ஓர் எண், அடைப்புக்குறிக்குள் மைஎஸ்கியூஎல்-டி என்ற பெயர். அதைப் பார்த்ததும் நினைவகம் பற்றவில்லை, இன்னும் வாங்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு மேலே உள்ள இருபது முப்பது வரிகளை யாரும் படிப்பதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. நினைவகம் கேட்டது யார், எந்த மாதிரி நினைவகம் கேட்டது, எந்தப் பகுதியில் எவ்வளவு காலி என்று கெர்னல் சாகும் நேரத்து வாக்குமூலம்போல அத்தனையும் எழுதி வைத்திருக்கும்.

முதல் வரியில் ஜிஎஃப்பி மாஸ்க் என்ற எண் 0எக்ஸ்டி0 என்று இருந்தது. அந்தக் கெர்னலில் இதற்கு அர்த்தம், கேட்டது கெர்னலேதான், தன் சொந்த வேலைக்காகக் கேட்டது என்பது. கடைசி எழுத்து 2 ஆக இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமுக்காகக் கேட்டது என்று கொள்ளலாம். அடுத்து மூன்று மண்டலங்களின் கணக்கு. டிஎம்ஏ என்ற சின்ன மண்டலம், 16 எம்பிதான், அதை விட்டுவிடலாம். நார்மல் மண்டலத்தில் மிச்சம் சில எம்பி. அதற்கு நேரே 'மீட்க வழியில்லை' என்ற கொடி 'யெஸ்' என்று நின்றது. ஹைமெம் மண்டலத்தில் காலி 9 ஜிபிக்கும் மேல். ஸ்வாப்பைத் தொடவே இல்லை. 9 ஜிபி சும்மா கிடக்கும்போது நினைவகம் இல்லை என்று டேட்டாபேஸைக் கொன்றிருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 32 பிட் முகவரியில் எண்ணக்கூடியது 429 கோடி 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பைட், அதாவது 4 ஜிபி. லினக்ஸ் அதை வழக்கமாக மூன்றுக்கு ஒன்று என்று பிரிக்கும்: ஓடும் புரோகிராமுக்கு 3 ஜிபி, கெர்னலுக்கு 1 ஜிபி. கெர்னல் தன் 1 ஜிபியில் 128 எம்பியை வேறு தேவைகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 896 எம்பி வழியாகத்தான் ரேமை நேரடியாகத் தொடும். இதைத்தான் லோமெம் என்பார்கள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஹைமெம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் எழுதத் தொடங்கிய 386 கம்ப்யூட்டரில் இருந்த ரேம் 4 எம்பி. அன்றைக்கு 896 எம்பி என்பது எட்டாத உயரம். 1995-இல் வந்த பென்டியம் புரோ, பிஏஇ என்ற ஏற்பாட்டால் 36 பிட் முகவரி கொடுத்தது. 64 ஜிபி வரை ரேம் மாட்டலாம் என்றானது. மாட்டலாம், ஆனால் கெர்னலின் கை நேரடியாக எட்டுவது அதே 896 எம்பிதான்.

முதலாளிக்கு நான் குடோனைக் காட்டிச் சொன்னேன். குடோன் எவ்வளவு பெரிதானாலும் அங்கே இருக்கிற ஒவ்வொரு பேலுக்கும் முன்னறையில் ஒரு பதிவேட்டுச் சீட்டு இருக்க வேண்டும், முன்னறையின் அளவு மாறாது. குடோனை நான்கு மடங்காக்கினால் சீட்டும் நான்கு மடங்கு. முன்னறையில் ஆள் உட்கார இடம் குறைகிறது. கெர்னலும் இதையேதான் செய்கிறது. ரேமை 4 கேபி பேஜ்களாக வெட்டி, ஒவ்வொரு பேஜுக்கும் 32 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கும், அதுவும் லோமெம்மில். 4 ஜிபிக்கு அந்தக் குறிப்புகள் 32 எம்பி. 16 ஜிபிக்கு 128 எம்பி. 64 ஜிபி மாட்டினால் 512 எம்பி, பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ரேம் போட்டதுதானுங்க வினை" என்றார். பாதி உண்மை.

மீதிப் பாதி அந்த நள்ளிரவு ஆர்சிங்க். ஒரு கோப்பைத் தொட்டால், எக்ஸ்ட்3 கோப்பு முறையில் அதன் ஐநோடும் டென்ட்ரி என்ற பெயர்க் குறிப்பும் கெர்னலின் கேஷில் ஏறும். ஒரு கோப்புக்கு அரைக் கிலோபைட்டுக்கு மேல் ஆகும், எல்லாம் லோமெம்மில். பத்து லட்சம் கோப்பைத் தடவிக்கொண்டு போனால் கணக்கு எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாப்டாப் என்ற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆர்சிங்க்கை ஓட்டினேன். எக்ஸ்ட்3 ஐநோடு கேஷும் டென்ட்ரி கேஷும் மேலே மேலே ஏறின, நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் லோஃப்ரீ என்ற வரி இறங்கிக்கொண்டே வந்தது, ஹைஃப்ரீ அசையவில்லை. இந்தக் கேஷ்கள் தேவைப்படும்போது காலி செய்யக்கூடியவைதான். ஆனால் ஒரு பேஜுக்குள் பல ஐநோடுகள் இருக்கும். அதில் ஒன்று பயன்பாட்டில் இருந்தாலும் அந்தப் பேஜ் விடுபடாது. பல லட்சத்தில் அப்படி ஆங்காங்கே ஒட்டிக்கொண்டவை போதும், லோமெம் வறண்டுவிடும். அப்போது கெர்னல் யாரையாவது கொல்ல வேண்டும். அதிகம் நினைவகம் வைத்திருப்பவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். அந்த மெஷினில் அது எப்போதும் டேட்டாபேஸ்தான்.

அன்றைய பொழுதைத் தாண்ட ஒட்டு வைத்தியம் இருந்தது. அந்தக் கேஷ்களைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லும் விஎஃப்எஸ் கேஷ் பிரஷர் என்ற அளவை உயர்த்தினேன். அந்த மெஷினில் ஓடிய ரெட் ஹேட் 4-இன் கெர்னலில் கீழ் மண்டலத்தைக் காக்க இன்னொரு அளவு உண்டு, அதையும் வைத்தேன். விழுவது குறைந்தது, நிற்கவில்லை. ஹியூஜ்மெம் கெர்னல் என்று ஒன்றும் இருந்தது. இங்கோ மோல்னார் 2003-இல் செய்த வேலை அது: புரோகிராமுக்கு முழு 4 ஜிபி, கெர்னலுக்கு முழு 4 ஜிபி என்று தனித்தனி முகவரி வெளி. லோமெம் நெருக்கடி தீரும். ஆனால் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் முகவரி அட்டவணையை மாற்றி மாற்றிப் போட வேண்டும், வேகம் குறையும். (2018 ஜனவரியில் மெல்ட்டவுன் ஓட்டை வெளியானபோது கெர்னலையும் புரோகிராமையும் பிரித்து வைத்த முறை இதன் நெருங்கிய உறவுதான், அப்போதும் வேகம் குறைந்தது என்ற புகாரே முதலில் வந்தது.) ரெட் ஹேட் 5-இல் ஹியூஜ்மெம்மை எடுத்தே விட்டார்கள். அந்தப் பாதை முடிந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டியதில்லை. 32-பிட்டின் மேல் இன்னும் ஓர் ஒட்டுப் போட்டு ஒரு ஷிப்மென்ட் சீசனைத் தாண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

புது மெஷின் வாங்கச் சொல்லப் போகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். நான் சிபியூஇன்ஃபோவைத் திறந்து காட்டினேன். பிராசசரின் திறன்களை வரிசையாகச் சொல்லும் ஃப்ளாக்ஸ் என்ற வரி அதில் இருக்கும், குட்டிக் குட்டிச் சொற்களாக. அந்தக் கூட்டத்தில் எல், எம் என்று இரண்டெழுத்து. லாங் மோட், அதாவது 64-பிட்டில் ஓடத் தெரிந்த பிராசசர். ஏஎம்டி 2003 ஏப்ரலில் ஆப்டெரானோடு இதைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே இன்டெல்லும் தன் ஜியானில் சேர்த்துக்கொண்டது. இந்த மெஷின் வாங்கிய நாளிலிருந்தே 64-பிட் மெஷின்தான். ஆர்டரிலிருந்து இன்வாய்ஸ் வரை பார்க்கும் ஈஆர்பி மென்பொருளைக் கொடுத்தவர்கள் 32-பிட்டில் மட்டும் சோதித்திருந்ததால் அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், தப்பு சொல்ல முடியாது.

"அப்ப மெஷின் வாங்க வேண்டாங்களா?"

"வேண்டாங்க. ஓஎஸ் மாத்துனா போதுங்க. ஆனா மாத்தறது லேசுல்லீங்க."

லேசில்லை என்றதற்குக் காரணம் உண்டு. 32-பிட் இன்ஸ்டாலை அப்படியே 64-பிட்டாக மேம்படுத்தும் வழியை ரெட் ஹேட்டோ சென்ட்ஓஎஸ்ஸோ ஆதரிப்பதில்லை. புதிதாகத்தான் போட வேண்டும். எங்கள் தேர்வு சென்ட்ஓஎஸ் 5. அது வெளிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, முதல் கட்டப் பிழைகள் வடிந்திருந்தன. நான் போட்ட ஒரே நிபந்தனை, பழைய ஹார்ட் டிஸ்க்குகள் மேல் கை வைக்கக் கூடாது என்பது. அவற்றைக் கழற்றி, லேபிள் ஒட்டிப் பீரோவில் வைத்துவிட்டு, புது டிஸ்க் ஜோடியில்தான் புது ஓஎஸ். ஏதாவது ஆனால் பழையதை மாட்டி அரை மணியில் திரும்பி வந்துவிடலாம். ரேம் விலையோடு பார்த்தால் இரண்டு டிஸ்க் பெரிய செலவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இன்றுவரை யாரோடும் நான் சமரசம் செய்துகொண்டதில்லை.

தீபாவளிக்குத் திருப்பூரில் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கம்பெனிகள் சில நாள் மூடிக் கிடக்கும். மாற்றத்தை அப்போது வைத்துக்கொண்டோம். அதற்கு வெகு முன்னாலேயே இன்னொரு 64-பிட் மெஷினில் டேட்டாவின் நகலை ஏற்றி, ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஓட்டிப் பார்த்தோம். கணக்குப் பிரிவு அக்காதான் இதில் முக்கியமான ஆள். எந்த ரிப்போர்ட் மாசக் கடைசியில் மட்டும் எடுப்பது, எது வருடத்தில் ஒருமுறை ஆடிட்டருக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இல்லாவிட்டால் பல விஷயம் மார்ச்சில்தான் வெடித்திருக்கும்.

உடைந்தவற்றில் முதலாவது டேட்டாபேஸ் கேள்விகள். பழைய ரெட் ஹேட் 4-இல் மைஎஸ்கியூஎல் 4.1, புதியதில் 5.0. பிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஓஎஸ் மாறினால் அதோடு வரும் எல்லாமே மாறும் என்பதற்கு உதாரணம். இரண்டு டேபிளைக் கமா போட்டு எழுதிவிட்டு, மூன்றாவதை லெஃப்ட் ஜாயினில் இணைப்பது பழைய புரோகிராமர்களின் பழக்கம். 4.1-இல் கமாவுக்கும் ஜாயினுக்கும் ஒரே முன்னுரிமை. 5.0.12-இலிருந்து எஸ்கியூஎல் தரத்தின்படி ஜாயினுக்கு முன்னுரிமை அதிகம். அதனால் முதல் டேபிளின் நெடுவரிசையை இணைப்பு நிபந்தனையில் சொன்னால், அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். கமா போட்ட இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த ஈஆர்பியில் அப்படி எழுதிய இடங்கள் திரும்பிய பக்கமெல்லாம் இருந்தன.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. பீஸ் ரேட் கூலி போடும் சின்ன சி புரோகிராம் ஒன்று, யாரோ பல வருடம் முன்பு எழுதியது. தொழிலாளி எண், தேதி, பீஸ் கணக்கு, பைசாவில் தொகை: நான்கையும் ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்து அப்படியே பைலில் எழுதும். எண்ணும் பீஸும் இன்ட். தேதியும் தொகையும் லாங். 32-பிட்டில் இரண்டுமே 4 பைட், ஒரு பதிவு 16 பைட். 64-பிட் லினக்ஸில் லாங் 8 பைட். அதை 8-இன் எல்லையில் வைக்க கம்பைலர் இடையில் வெற்று பைட்டுகளும் சேர்க்கும். பதிவு 32 பைட் ஆகிவிடுகிறது. பழைய பைலைப் புது புரோகிராம் படித்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு பதிவை ஒன்றாக விழுங்கும். திரையில் என்ன வந்தது தெரியுமா? ஒன்று, மூன்று, ஐந்தாம் பதிவுகளின் தொழிலாளி எண் சரியாக வந்தது. நடுவில் இருந்தவர்களைக் காணோம். வந்தவர்களின் கூலி எண்ணிப் படிக்க முடியாத நீளத்தில். புரோகிராம் எந்தப் பிழையும் சொல்லாமல் ஓடி முடிந்தது, அதுதான் பயங்கரம். சனிக்கிழமை கூலி நாளில் இது நடந்திருந்தால் பாதிப் பேருக்குக் கவர் இல்லை. லாங் என்று இருந்த இடங்களில் 32 பிட் என்று அளவு நிர்ணயித்த இன்ட் வகையைப் போட்டு, மறுபடி கம்பைல் செய்து, பல மாதப் பழைய பைல்களைப் பழைய மெஷினிலும் புதியதிலும் ஓட்டி, கூட்டுத்தொகை பைசா சுத்தமாக ஒத்துப் போகும்வரை அதை விடவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். நெட்வொர்க் கிராஃப்களுக்கான ஆர்ஆர்டி பைல்களை 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு நகல் எடுத்தால் படிக்காது. பழைய மெஷின் ஓடும்போதே எக்ஸ்எம்எல்லாக இறக்கிப் புதியதில் ஏற்ற வேண்டும். சோர்ஸ் இல்லாத ஒரு பார்கோடு லேபிள் புரோகிராம் 32-பிட் லைப்ரரிகளைச் சேர்த்ததும் அப்படியே ஓடியது. 64-பிட் கெர்னல் பழைய 32-பிட் புரோகிராம்களை நன்றாகவே தாங்கும். இது பலருக்குத் தெரியாததால்தான் மாற்றத்துக்கே பயப்படுகிறார்கள்.

மாற்றம் நடந்த அன்று மெம்இன்ஃபோவைத் திறந்தேன். ஹைடோட்டல் என்ற வரிக்கு நேரே 0. லோடோட்டலுக்கு நேரே ரேம் முழுவதும். முகவரியில் 48 பிட் இருக்கிறது. 16 ஜிபி அதன் மூலையில் அடங்கிவிடும். அன்றிரவு ஆர்சிங்க்கை வேண்டுமென்றே டேட்டாபேஸ் வேலையோடு சேர்த்து ஓட்டினோம். ஐநோடு கேஷ் ஏறியது, ஏறி நின்றது, யாரும் சாகவில்லை. முன்பு ஒரு புராசஸுக்கு 3 ஜிபி என்ற எல்லை இருந்ததால் இன்னோடிபியின் பஃபர் பூலை 2 ஜிபிக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். அதை 8 ஜிபி ஆக்கினேன். அடிக்கடி தொடும் டேபிள்கள் முழுதாக ரேமில் உட்கார்ந்தன. காபி குடிக்கப் போய்விட்டு வந்து பார்க்கும் ஸ்டாக் ரிப்போர்ட், கண் முன்னாலேயே வந்து விழுந்தது.

64-பிட்டோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பாயின்டர் 4-இலிருந்து 8 பைட் ஆவதால் அதே புரோகிராம் கொஞ்சம் அதிகம் தின்னும். 2 ஜிபி மட்டுமே உள்ள மெஷினில் மாற்றி லாபமில்லை. ரேம் 64, 128 ஜிபி என்று ஏறியபோது வேறு தொல்லைகள் வந்தன. இரண்டு பிராசசர் உள்ள மெஷினில் பாதி ரேம் ஒருவருக்குப் பக்கம், பாதி மற்றவருக்குப் பக்கம். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் காலியாக இருக்கும்போதே ஸ்வாப் ஆரம்பிக்கும். பெரிய மைஎஸ்கியூஎல் சர்வர்கள் இதில் அடிபட்டதை ஜெரமி கோல் 2010-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கேயும் மொத்தம் எவ்வளவு என்ற எண் ஏமாற்றும். எந்தப் பக்கம், எந்த மண்டலம், யார் கேட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரெட் ஹேட் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலேயே 32-பிட் இன்ஸ்டாலை நிறுத்திவிட்டது. சென்ட்ஓஎஸ் 5-க்கான ஆதரவு 2017 மார்ச்சோடு முடிந்தது. ஆனாலும் சின்னக் கம்பெனிகளின் மூலையறைகளில் பழைய மெஷின்கள் இன்னும் ஓடலாம். "ஓடுதில்ல, தொடாதே" என்ற ஒரே பாதுகாப்போடு. அப்படி ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், ரேமுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் முன் யூநேம் கட்டளையை ஓட்டி 32-பிட்டா 64-பிட்டா என்று பாருங்கள். பிறகு லாகைத் திறந்து, 'கில்டு' என்ற வரிக்கு மேலே இருக்கிற வரிகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். அதற்கு அரை மணி நேரம்தான் ஆகும், காசு செலவில்லை.